மூன்று வேளை மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

சிகிச்சைக்காக வந்த எனக்குத் தம்பி வீட்டில் கீழ் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் படி ஏறினாலே உதடு நீலமாகிவிடுகிறதே. நேற்று நெஞ்சு மருத்துவரைப் பார்த்தோம். பெண் மருத்துவர், என் வயதுதான் இருக்கும். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இறுகிவிட்டனவாம். இதயம் அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போயிருக்கிறதாம்.

எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆண்மைக் குறைவுக்கு நம் கடையில் விற்கிறோமே, அதே மருந்து. தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். "அது குழாயைத் தளர்த்துற மருந்தும்மா. உடம்புல எந்தக் குழாய்னு அதுக்குத் தெரியுமா?" என்றார் மருத்துவர். தினம் மூன்று வேளை, ஒரு வேளைகூட விடக் கூடாதாம். பத்து நாளைக்கு அவர்களே கொடுத்தார்கள். பிறகு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். நம்மிடமே கடை இருக்கும்போது வெளியே ஏன் அலைவது?

உங்கள் சிட்டு

மார்ச் 11

அன்புச் சிட்டுக்கு,

கடிதமும் மருத்துவர் எழுதிய சீட்டும் கிடைத்தன. இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு அந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். வாங்க வருகிறவன் கூட்டம் குறையும்வரை இருமல் மருந்தைப் பார்ப்பது போல் நிற்பான். காகிதத்தில் சுற்றித்தான் கொடுப்பேன். அதை என் மனைவி மூன்று வேளை விழுங்க வேண்டுமாம்.

மொத்தமாக வேண்டும் என்றதும் விற்பனைப் பிரதிநிதி, "என்னண்ணே, அண்ணி ஊர்ல இல்லாதப்ப இவ்வளவு எதுக்கு?" என்றான். கடையே சிரித்தது. என் மனைவிக்கு என்று சொல்ல வாய் வருமா?

போகட்டும், அனுப்பியிருக்கிறேன். அட்டையோடு வந்தால் அந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் என்று உதிர்த்து உறையில் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே என் சமையலை நானே சாப்பிட வேண்டியிருக்கிறது, அதற்கும் ஒரு மருந்து இருந்தால் தேவலை.

உன் அன்புக் கணவன்

ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் பத்து நாளில் தெருக்கோடி வரை தனியாக நடந்தேன். நீங்கள் அனுப்பியது வந்த பிறகு மறுபடி இளைப்பு. தலை சீவக்கூட நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. "மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று மருத்துவர் கோபித்துக்கொண்டார். உங்கள் மேல் சத்தியம் செய்து இல்லை என்றேன். பழைய சரக்காக இருக்குமோ? கோபம் வேண்டாம், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் சிட்டு

ஏப்ரல் 12

அன்புச் சிட்டுக்கு,

என் சரக்கைக் குறை சொன்ன முதல் ஆள் நீதான். பெண் உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எனக்கு முதலிலேயே தோன்றியது. தெருக்கோடி வரை நடந்ததெல்லாம் உன் மனப்பிரமை. இன்னொரு உறை அனுப்புகிறேன். மனதை அலட்டிக்கொள்ளாமல் ஓய்வெடு.

உன் அன்புக் கணவன்

மே 3

அத்தானுக்கு,

குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டேன். ஐந்து நாள் பிராணவாயுக் குழாயோடு கிடந்தேன். மருத்துவர் உங்கள் உறையைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது சுண்ணாம்புச்சத்து மாத்திரை. யார் கொடுத்தா?" என்றார்.

கடையில் இரண்டாவது தட்டில் இருப்பது. எத்தனை வருடம் என் கையால் அடுக்கியிருக்கிறேன். ஆனாலும் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் அனுப்பியது என்பதால் பார்க்காமலே விழுங்கினேன்.

கை தவறி நடந்ததா? ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

சிட்டு

மே 9

அன்புச் சிட்டுக்கு,

பொய் சொல்ல எனக்கு வராது. தெரிந்துதான் அனுப்பினேன். ஓய்வெடுத்தால் உனக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சுண்ணாம்புச்சத்து உன் வயதுக்கு நல்லதும்கூட. அந்த மாத்திரை உடம்பில் எப்படி ஆசையைக் கிளப்பும் என்று தினம் கேட்கிறவன் நான். நீ அங்கே, நான் இங்கே. எந்தப் புருஷன் கையால் எடுத்துக் கொடுப்பான்? உன் மானத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன். பெரிதுபடுத்தாமல் வந்துவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புக் கணவன்

மே 17

உங்கள் கடிதம் வந்தது.

இப்போது தம்பி அட்டையோடு வாங்கி வருகிறான். மூச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்துவிட்டதாம், அது பழையபடி ஆகாது என்கிறார்கள். எத்தனை வருடம் என்று கேட்டேன். மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் போகிறது. உங்கள் கடிதத்தை இணைத்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது என்பதால் படிவத்தை நர்ஸ் நிரப்பினார். மருந்து கொடுத்தவர் எனக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது.

கடைக்காரர் என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.