டின் பாலும் சுறாப் புட்டும்

ஏப்ரல் 25, 1976

டின் பால் கம்பெனிக்காரர் பொங்கலுக்கு எங்கள் மளிகைக் கடையில் இவரிடம் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. அட்டையில் ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்கிறது. இத்தனை நாள் பெட்டியில் கிடந்தது. இன்று எழுத எடுத்தேன். இந்த வீட்டில் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

தணிகைவேல் பிறந்து இரண்டு மாதம். நான்கு நாளாகப் பேதி. கண் உள்ளே போய்விட்டது. பல் முளைக்கிற பிள்ளைக்கு இப்படித்தான் போகும் என்கிறார் அத்தை. இரண்டு மாதப் பிள்ளைக்குப் பல்லா?

ஏப்ரல் 26

விடிந்ததிலிருந்து பதினோரு துணி அலசிவிட்டேன்.

ஏப்ரல் 28

பிள்ளையை எடை போடக்கூடாது, கண் படும் என்று அத்தை தடுத்தார். நான் கேட்கவில்லை. இனிமேல் கண் பட என்ன மிச்சம் இருக்கிறது? காலையில் கடை திறக்குமுன் வெல்லம் நிறுக்கிற தராசில் துணி விரித்துப் படுக்க வைத்தோம். மூன்று கிலோ நூறு. பிறந்த அன்றே மூன்று கிலோ இருந்தான்.

இவர் எடைக்கல்லை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். பிறகு போய்க் கடைப் பலகையைத் திறந்தார்.

ஏப்ரல் 29

எழுதியே தீர வேண்டும். செய்தது நான்.

பிள்ளைக்கு முப்பது நாள் ஆனபோது புதுச்சேரியிலிருந்து நாத்தனார் செங்கமலம் வந்தாள். நான் பால் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, 'இந்தக் காலத்துல யாரு அண்ணி இதெல்லாம் செய்றாங்க? டவுன்ல எல்லாம் டின்னுதான்' என்றாள். இவருக்கும் அது பிடித்துப்போயிற்று. கடையில் டின் அடுக்கி வைத்திருக்கிறாரே! எங்க வூட்டுப் புள்ளையே இதான் குடிக்கிறான் என்று சொன்னால் பாகூர் முழுக்க வாங்காதா?

அத்தை மல்லிகைப்பூ வாங்கி வந்தார். கொஞ்சம் என் தலைக்கு. மீதியை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார். அப்படிக் கட்டினால் பால் வற்றும். மூன்றே நாள், வற்றிவிட்டது. ரவிக்கை நனையவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். பாவி, சந்தோஷப்பட்டேன்.

இப்போது தெருவில் பூக்காரி போனால் கதவைச் சாத்திவிடுகிறேன்.

மே 2

கடலூர் டாக்டரம்மாவிடம் போனோம். பால் எப்படிக் கலக்குகிறாய் என்று கேட்டார். டின்னில் எழுதியிருக்கிறபடி பவுடரைக் கலந்து, அதன் மேல் பசும்பாலுக்கு ஊற்றுவதுபோல இன்னொரு பங்கு தண்ணீர் ஊற்றுவேன் என்றேன். டின் பால் சூடு என்று அத்தை சொல்லித் தந்தது.

டாக்டரம்மா பாட்டிலை வாங்கி முகர்ந்தார். மூடியை நக்கிப் பார்க்கச் சொன்னார். புளித்திருந்தது.

'இது பால் இல்லம்மா, வெள்ளைத் தண்ணி. புள்ளைய ஒரு மாசமாப் பட்டினி போட்டிருக்க. உன் பால் என்னாச்சு?'

பூ கட்டினோம் என்று எப்படிச் சொல்வேன்? இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 4

அளவாகத்தான் கலந்தேன். பாட்டிலைக் கொதிக்க வைத்தேன். வாயில் வைத்ததும் கக்கிவிட்டான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தராசில் இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

மே 5

முருகா, உன் பேரைத்தானே வைத்தேன். எடுத்துக்கொள்ளாதே.

மே 6

பனித்திட்டிலிருந்து மீன் கொண்டு வருகிற சிந்தாமணி எங்கள் தோட்டத்துப் படல் ஓரம் நிழலுக்கு நிற்பாள். நாங்கள் சைவம், அவளிடம் எதுவும் வாங்குவதில்லை. ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் தூக்கி ஊற்றுவேன்.

இன்று தண்ணீர் கேட்காமல், 'இன்னா அது, புள்ள சத்தமா?' என்றாள். எனக்கு என்ன வந்ததோ, பிள்ளையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவளுக்கு வீட்டில் இன்னும் பால் மறக்காத ஒரு வயதுக் குழந்தை இருக்கிறது. கூடையைத் தள்ளி வைத்தாள், கையைக் கழுவினாள், முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள்.

முதலில் அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ரப்பர் பழகிய வாய்தானே. பிறகு பிடித்துக்கொண்டான். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எனக்குப் பொறாமை, வெட்கம், சந்தோஷம் எல்லாம் சேர்ந்து வந்தது. படலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கக்கவில்லை. தூங்கிவிட்டான்.

மே 7

இன்றும் கொடுத்தாள். மற்ற வேளைக்குப் பாட்டில்தான், பாதியைக் கக்குகிறான். போகும்போது சொன்னாள்: 'நான் தெனம் வருவன். ஆனா நாளைக்கி ஒரு வேள குடுக்குற என் பால் பத்துமா? உன் மாரு ஒண்ணும் செத்துப் போவல. வெறும் மாருன்னு பாக்காம புள்ளய வுட்டுகினே இரு. நாளைக்கிப் பால்சுறா புட்டு எடுத்தாரன். துன்னு, பால் ஊறும்.'

சுறாவா! பிறந்ததிலிருந்து முட்டை வாசனைகூட அறியாதவள் நான்.

மே 8

தின்றேன். வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்தாள். பூண்டும் மிளகும் மஞ்சளுமாக உதிர் உதிராக இருந்தது. முதல் வாய் வெளியே வந்துவிட்டது. இரண்டாவதை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

மே 11

அத்தை கண்டுபிடித்துவிட்டார். கொல்லையில் கிடந்த இலையை நாய் இழுத்து வந்து முற்றத்தில் போட்டது. அத்தை கத்தவில்லை. 'என் வூட்டு அடுப்பாண்ட வராத' என்றார், அவ்வளவுதான். என் தட்டையும் டம்ளரையும் எடுத்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சிந்தாமணி பிள்ளைக்குப் பால் கொடுத்தது தெரிந்தால் என்ன செய்வாரோ.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இவருக்குப் பிறந்த பிள்ளைதானே?

மார்பில் ஒன்றுமில்லை. இவன் சப்பிவிட்டு வீறிடுகிறான். அழத் தெம்பு வந்திருக்கிறதே என்று தேற்றிக்கொள்கிறேன்.

மே 13

ஒன்றுமில்லை. எல்லாம் வீண்தானோ?

மே 14

காலையில் துவைக்கிற கல்லின் மேல், என் தட்டுக்குப் பக்கத்தில், கடைப் பொட்டலம் ஒன்று இருந்தது. சணல் சுற்றின சுற்றைப் பார்த்தாலே யார் கட்டியது என்று தெரியும். உள்ளே உரித்த பூண்டு, மிளகு, சீரகம். இவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், 'அந்தம்மாகிட்ட குடு. பூண்டு தூக்கலாப் போடச் சொல்லு' என்றார்.

அப்படியானால் சிந்தாமணி வருவது, பால் கொடுப்பது எல்லாம் இவருக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்?

மே 19

ரவிக்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரம். வியர்வை என்று நினைத்தேன். நக்கிப் பார்த்தேன். வியர்வை இல்லை.

மே 30

மூன்று கிலோ இருநூறு. சிந்தாமணி இனி தன் பாலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் போதும் என்கிறாள். புட்டு இப்போது பழகிவிட்டது. நாளைக்கு வருமா என்றுகூட எதிர்பார்க்கிறேன், வெட்கக்கேடு.

ஜூன் 13

மூன்று கிலோ எண்ணூறு. என் தட்டு இன்னும் கல்லுக்குப் பக்கத்தில்தான். அத்தை பேரனைக் கொஞ்சுகிறார், என்னிடம் பேசுவதில்லை. இருக்கட்டும்.

மத்தியானம் கடைக்குப் பின் வாசற்படியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேலியமேட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் பச்சைப் பிள்ளை, நல்ல கன்னம். 'உங்க வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பீங்களாமே, அந்த டின்னு ஒண்ணு குடுங்க' என்றாள்.

கடைக்கு வந்தவர்களை வெறுங்கையாக அனுப்பி நான் இவரைப் பார்த்ததே இல்லை. இல்லாத சரக்கையும் எதிர்க்கடையில் வாங்கியாவது கொடுப்பார். திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

'ஸ்டாக் இல்லம்மா' என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பதினாலு டின் அடுக்கியிருந்தது.