மூன்றாவது அடிக்குப் பிறகு

அக்கா,

இன்று காலை நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போக அலுமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்தேன். இரண்டு முறை கழுவக் கொடுத்தாகிவிட்டது. கைப்பகுதியில் தெறித்திருந்த இரத்தம் போய்விட்டது. புகை போகவில்லை. கொலருக்குள் மூக்கை வைத்தால், கோழித்தோல் கரிநெருப்பில் உருகி, இனிப்பான சோயாச் சாறு அதன்மேல் சொட்டிக் கருகும் மணம்.

உங்களை முதலில் கண்டதும் அந்த மணத்துக்குள்தான். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், அலுவலகத்தில் எட்டுப் பேராக ஜப்பானிய மதுக்கடைகளைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒரே பின்னேரத்தில் மூன்று கடைகள். வழிகாட்டியாக வந்தவர் நீங்கள். முதல் கடையின் கதவைத் திறந்ததும் சமையல்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். நான் துள்ளி, பின்னால் நின்றவரின் காலை மிதித்துவிட்டேன். நீங்கள் என் காதருகே வந்து தமிழில் சொன்னீர்கள்.

"பயப்பிடாதையும். கோவத்தில கத்தேல்லை. வாங்கோ எண்டுதான் கத்துகினம்."

நான் தமிழ் என்று எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். "எல்லாருக்கும் வழி விட்டிட்டுக் கடைசியா வந்தனீர். வேற ஆர்?" என்று சிரித்தீர்கள்.

அந்தக் கடைகளில் பரிமாறுகிறவர் தானாக வரமாட்டார். இருந்த இடத்திலிருந்து 'சுமிமாசேன்!' என்று உரக்கக் கூப்பிட வேண்டும். மன்னிக்க வேண்டும், கொஞ்சம் இங்கே பாருங்கள் என்பதுபோல ஒரு சொல். உங்களோடு வருகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கூப்பிட வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் ஒரு நாள் கையுயர்த்திக் கேள்வி கேட்டதில்லை. நான் கூப்பிட்டது பக்கத்துக் கதிரைக்கே கேட்கவில்லை.

"தொண்டையால கூப்பிட்டா உப்பிடித்தான். வயித்தில இருந்து கூப்பிடும்."

பிறகு 'நீர்' போய் 'நீ' வந்தது. புதுக் கடைகளைச் சுவை பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். "தனியப் போனா ரெண்டு சாப்பாடுதான் உள்ள இறங்கும். நீ வந்தா நாலு." சுட்ட கத்தரிக்காயின் மேல் மெல்லிய மீன் சீவல் தூவி வரும், சூட்டில் அது உயிருள்ளதுபோல நெளியும். நான் தயங்கினால், "எடியே, உது எங்கட மாசிதான். சம்பலுக்கு இடிக்கிறதை இவையள் சீவுகினம், அவ்வளவுதான்" என்பீர்கள். திருமணமாகி இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஆறு வருடம் ஜப்பானியக் குசினியில் நின்றவர் நீங்கள். சட்டி கழுவத் தொடங்கி அடுப்படிக்குப் போய், அங்கிருந்து வழிகாட்டியானவர்.

உங்கள் இடது கைச் சின்னவிரல் மடங்காது. எண்ணெய் பட்டது என்று முதலில் சொன்னீர்கள். ஒரு நாள் கோழி ஈரல் தட்டுக்கு முன்னால் இருந்து உண்மையைச் சொன்னீர்கள். நீங்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று உங்கள் கணவர் அந்த விரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். இன்னொரு நாள் தலைமயிரைப் பிடித்துக் குளியல்தொட்டி விளிம்பில் மோதினார். நீங்கள் விழுந்த பிறகும் காலால் உதைத்தார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஈரலை என் பக்கம் தள்ளினீர்கள். "சாப்பிடு. ஆறினா ரப்பர்." அப்போது நீங்கள் அவரை விட்டு வந்து ஒரு வருடம். உங்களுக்குக் கிட்ட வரக்கூடாது என்று அவருக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. நீங்கள் எந்த நாளில் எந்தக் கடையில் நிற்பீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

நீங்கள் இருந்தபோது சொல்ல முடியாமல் போனதை இனி எழுதுகிறேன்.

அந்த ஒக்டோபர் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே இருக்கிற மரக்கறிக் கடையில் வரிசையில் நின்றேன். பின்னால் ஒருவர் முருங்கையிலைக் கட்டும் பாணும் வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் பெயரைச் சொல்லி, "பிள்ளை, நீர் அவவோட திரியிற பிள்ளை எல்லோ? அவ போட்ட படத்தில கண்டனான்" என்றார்.

"ஓம்."

"நான் அவவுக்கு அண்ணை முறை. ஊரில தாய்க்குச் சரியான வருத்தம், ஆஸ்பத்திரியில. இவ போன் எடுக்கிறா இல்லை. இண்டைக்கு எங்க நிப்பா?"

உங்கள் கணவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்ன கதைகளிலிருந்து ஒரு முரட்டு ஆளை மனதில் வைத்திருந்தேன். இவர் என் பையைத் தூக்கித் தந்தார். வயதில் மூத்தவர், பணிவாகக் கேட்டார். அப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் நிற்க எனக்குத் தெரியாது. அஞ்சு மணிக்கு என்று சொன்னேன். கடையின் பெயரையும் சொன்னேன்.

"சந்தோசம் பிள்ளை. நல்லாயிரும்."

வீட்டுக்கு வந்ததும் மனம் உறுத்தியது. உங்களுக்கு எடுக்கப் போனை எடுத்தேன். உண்மையான அண்ணை என்றால், சந்தேகப்பட்டேன் என்று அவருக்குத் தெரியவந்தால் எவ்வளவு வெட்கம் என்று நினைத்து வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு உங்களைக் காணத்தானே போகிறேன், நேரில் சொல்லலாம்.

நான் வந்தபோது நீங்கள் மூலையில், அடுப்புக்கு நேர் எதிரே இருந்தீர்கள். சுட்ட கத்தரிக்காயில் பாதியைச் சாப்பிட்டு மீதியை எனக்கென்று வைத்திருந்தீர்கள். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். "அக்கா, அம்மாவுக்கு..." என்று தொடங்கினேன். கதவு திறந்தது. சமையல்காரர்கள் எல்லோரும் வழக்கம்போல ஒரே குரலில் கத்தி, மரக்கறிக் கடையில் கண்ட அந்த மனிதரை வரவேற்றார்கள்.

அவர் நேரே எங்கள் மேசைக்கு வந்தார். மேசையிலிருந்த தடித்த பியர்க் குவளையை எடுத்து உங்கள் காதோடு அடித்தார். குவளை உடையவில்லை. இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. நீங்கள் கையை உயர்த்தினீர்கள், அந்த மடங்காத விரல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். "நீர் தள்ளும் பிள்ளை, உது எங்கட குடும்ப விசயம்." மரக்கறிக் கடையில் பணிவோடு கேட்ட அதே குரல். நான் தள்ளி நின்றேன் அக்கா. உண்மையிலேயே ஓரடி தள்ளி நின்றேன். அவர் உங்கள் கூந்தலைப் பிடித்துத் தலையை மேசை விளிம்பில் மோதினார். அதுதான் மூன்றாவது.

அடுப்பும் புகை உறிஞ்சும் விசிறியும் இரைந்துகொண்டிருந்தன. சமையல்காரரின் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. ஐயோ என்று என் வாயில் வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. வயிற்றிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்.

"சுமிமாசேன்!"

இரைச்சலுக்குள்ளும் சமையல்காரரின் காது அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தது. திரும்பினார். இரும்பு இடுக்கியோடு மேசைக்கு மேலால் பாய்ந்து வந்தார். இன்னும் மூன்று பேர் சேர்ந்து உங்கள் கணவரை நிலத்தில் அழுத்தினார்கள். நான்காம் நாள், கண் திறக்காமலே ஆஸ்பத்திரியில் நீங்கள் போனீர்கள்.

இந்த ஆளை முன்பு கண்டிருக்கிறீர்களா என்று பொலிஸ் கேட்டது. இல்லை என்றேன்.

இரண்டு வருடம் கழித்து வழக்கு வந்தது. 'தற்செயலாகப் பசிக்கு உள்ளே போனேன், அவவைக் கண்டதும் நிதானம் போய்விட்டது' என்பது உங்கள் கணவரின் கதை. தற்செயல் இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அம்மாவிடம் சொன்னேன். "உதைச் சொல்லாதை. செத்தவள் திரும்பி வரப்போறாளோ? எங்கட சனம் உன்னைத்தான் சொல்லும்" என்றா. போன கிழமை, அம்மாவுக்குத் தெரியாமல், அரச சட்டத்தரணியிடம் போய்ச் சொன்னேன்.

இன்று சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஊரில் நோயாய்க் கிடப்பதாகச் சொல்லப்பட்ட உங்கள் அம்மா ஒரு நோயும் இல்லாமல் முன்வரிசையில் இருந்தா. கேள்வி வந்தது. பதில் சொன்னேன். கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

"நான்தான் சொன்னேன். மூன்று மணிக்கு, மரக்கறிக் கடையில், அவர் கேட்டார். எந்தக் கடை, எத்தனை மணி என்று நான்தான் சொன்னேன்."

கடைசி வரிசைவரை கேட்டது. உங்கள் கணவரின் சட்டத்தரணி எழுந்தார். அன்று பொலிஸிடம் பொய் சொன்னவரை இன்று ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார். "அன்று வெட்கமாக இருந்தது. இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது" என்றேன். உங்கள் கணவர் முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

வெளியே நடைபாதையில் உங்கள் அம்மா என்னை மறித்தா. மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் அவவுக்குச் சொல்லியிருந்தார். கன்னத்தில் ஓங்கி ஒன்று விழுந்தது. காது இரைந்தது. என்னோடு வந்திருந்த என் அம்மா ஓடி வந்தா. "விடுங்கோ அம்மா" என்று அவவைத் தடுத்தேன். இரண்டாவது விழவில்லை. உங்கள் அம்மா வாங்கில் அமர்ந்து, குனிந்து முந்தானையால் வாயைத் துடைத்தா.

"என்ர பிள்ளை கடைசியா என்ன சாப்பிட்டவள்?"

"கத்தரிக்காய் அம்மா. சுட்ட கத்தரிக்காய். மேல மாசி."

"மாசியோ?" நிமிர்ந்து பார்த்தா. "முழுக்கச் சாப்பிட்டவளோ?"

"பாதிதான். மற்றப் பாதியை எனக்கு வைச்சவ."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. கோட்டைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன், இனிக் கழுவக் கொடுக்க மாட்டேன். கன்னம் எரிகிறது. கத்திப் பேசியதில் தொண்டை மட்டும் நோகவேயில்லை அக்கா.