பெட்டிக்குள் வந்த சால்டரிங் அயர்ன்

அன்புள்ள என்னவருக்கு,

வாசிக்கவே தெரியாத நான் எதற்காக ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைச் செய்கிறேன்? எனக்கே தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே விடுதியில் நான் சுகம்.

உதிரி பாகங்களை வாங்கி, மரத்தை இழைத்து, வார்னிஷ் பூசி, இன்று எல்லாவற்றையும் பூட்டினேன். ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒரே இரைச்சல். "அக்கா, உள்ள என்ன மாவு மில்லா ஓடுது?" என்றாள் பக்கத்து அறை நர்ஸ். பளபளப்பிலேயே கண்ணாக இருந்து, தந்திகளைத் தாங்கும் தகட்டுக்கு அடியில் எர்த் கம்பி வைக்க மறந்துவிட்டேன். அது இருந்தால்தான் தந்தியில் கை பட்டதும் இரைச்சல் அடங்கும். நாளை கழற்ற வேண்டும். வார்னிஷ் பெயராமலிருந்தால் சரி.

"எதுக்கு இந்தக் கனம்?" என்று ஊரிலிருந்து கிளம்பும்போது நான் சண்டை போட்டும் சால்டரிங் அயர்னைப் பெட்டியில் திணித்தீர்களே, அதற்கு நன்றி. நேரில் சொல்லியிருக்க மாட்டேன். மெருகேற்ற உங்கள் பழைய பனியன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க மெனக்கெட வேண்டாம்.

மறுநாள், உறையை ஒட்டுமுன்: நீங்கள் திணித்த சால்டரிங் அயர்னால் எர்த் கம்பியைப் பற்றவைத்துவிட்டேன். ஓரத்தில் வார்னிஷ் கொஞ்சம் பெயர்ந்தது. தந்தியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கியது. கையை எடுத்ததும் கிட்டார் மெல்ல முனகியது. "மில்லு மூடியாச்சாக்கா?" என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தலையாட்டினேன். கையை எடுக்கவில்லை.