அளக்காத பனி

அன்புள்ள பனிக்கரடிக்கு,

நீங்கள் இருக்கும் தென்துருவத்தில் பனிக்கரடியே கிடையாது என்று விளக்குவதற்குப் போன கடிதத்தில் இரண்டு வரிகளை வீணடித்திருந்தீர்கள். உங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். "அப்பாதான் அங்க இருக்காரே, அப்புறம் எப்படி இல்லேங்கறாரு?" என்று கேட்டாள். பெயர் வைத்தவள் அவள், அவளிடமே வழக்காடிக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை ஒரு டப்பாவில் போட்டு உங்களுக்காக வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நீங்கள் கிளம்புவதற்கு முன் சரிசெய்துவிட்டதாகப் பெருமையடித்துக்கொண்ட அதே குழாய்தான். அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மனைவியாக எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் போன முறை நீங்கள் போகப்போகும் பாதையைப் பற்றி எழுதியதற்கு, "பயப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று பதில் வந்தது. நான் பயப்படுகிறேன் என்று எங்கே எழுதினேன்? வரைபடம் தப்பு என்றல்லவா எழுதினேன்! இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அங்கே குளிர் மூளைக்கு ஏறிவிட்டதா?

உங்கள் நிலையத்துக்கு வீட்டுக் கடிதத்தில் எழுத்து மட்டும்தான் அனுப்பலாம், படம் அனுப்பக் கூடாது என்பது என் தலையெழுத்து. ஒரே ஒரு படம் அனுப்ப முடிந்தால் இவ்வளவு புலம்ப வேண்டியதில்லை. அதனால் பொறுமையாகப் படியுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பாதியில் தாண்டிப் போகாதீர்கள். முதல் டிராக்டரில் உட்காரப்போவது நீங்கள்தான்.

எங்கள் வேலை உங்களுக்கு மேலோட்டமாகத் தெரியும். செயற்கைக்கோள்கள் பனிப்பரப்பைப் பட்டை பட்டையாக அளந்து அனுப்புகின்றன. அந்த எண்களைக் கோத்துக் கணினிக்குள் ஒரு தரையை உருவாக்குகிறோம். தரை கரடுமுரடாக இருந்தால் அடியில் பிளவு இருக்கலாம் என்று எங்கள் நிரல் அங்கே சிவப்பு போடும். வழவழப்பாக இருந்தால் நீலம். நீலத்தின் மேல் உங்களுக்குப் பாதை போட்டுத் தருகிறோம். இதுவரை எனக்கும் எந்தத் தகராறும் இல்லை.

ஆனால் போன பருவத்தில் ஒரு செயற்கைக்கோள் பாதியிலேயே படுத்துக்கொண்டது. அதனால் சில பட்டைகளுக்கு அளவே கிடையாது. அவற்றை அப்படியே விட்டால் தரை கிழிந்த பாய் மாதிரி தெரியும். ஆகவே நிரல் அக்கம்பக்கத்து உயரங்களின் சராசரியை எடுத்து ஓட்டையைப் பூசி மெழுகிவிடுகிறது. சராசரிக்கு ஏது மேடு, ஏது பள்ளம்? யாருமே அளக்காத இடம்தான் படத்தில் எல்லாவற்றையும்விட வழவழப்பாக இருக்கிறது! நிரல் அதைப் பார்த்து மயங்கி, நீலத்திலேயே நல்ல நீலமாகப் போட்டுவிட்டது. பாதை தேடும் நிரலுக்குக் கேட்கவா வேண்டும்? எங்கெங்கோ சுற்றி வந்தாவது அந்தப் பட்டைக்குள்தான் புகுந்து போகிறது.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான், அளக்காத இடங்களைச் சாம்பல் நிறத்தால் மூடிக் காட்ட ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். அந்தச் சாம்பல் எங்கே போனது என்று கேளுங்கள். எங்கள் பெரிய அறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் பனியின் மேலேயே நடப்பது போல இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? நிதி கொடுப்பவர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் மேலாளர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "என்னம்மா இது, அங்கங்க அழுக்கு மாதிரி? வர்றவங்க கண்ணை உறுத்தும், எடுத்துடுங்க" என்றார். முடியாது என்றேன். பக்கத்து மேசைக்காரரை விட்டு எடுக்க வைத்தார். அவரும் என் முகத்தைப் பார்க்காமலே எடுத்தார். விருந்தாளிகள் கைதட்டிவிட்டுப் போனார்கள், சாம்பல் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தப் படத்திலிருந்துதான் உங்கள் பாதையை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நேற்று மறுபடியும் போய்ச் சண்டை போட்டேன். மேலாளர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அந்தப் பட்டையின் மேலேயே நடந்து காட்டினார். தரைவிரிப்பின் மேல், காலுறையோடு. "பாருங்க, நானே நடக்கறேன், எங்கயாவது தடுக்குதா?" என்று கேட்டவர், கேட்ட வாயை மூடுவதற்குள் மேசைக்காலில் முழங்காலை இடித்துக்கொண்டார். இந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். நாமே இட்டு நிரப்பிய தரையில் நாமே நடந்தால் எப்படித் தடுக்கும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேளுங்கள். "வீட்டுக்காரர் அங்க இருக்காரு, மனசு கிடந்து அடிச்சுக்கத்தான் செய்யும். எனக்குப் புரியுதும்மா. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க."

தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தேன். வைத்த சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடமாக இந்த எண்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். என் கணக்கை யாரும் தட்டிக் கழித்ததில்லை. நீங்கள் அங்கே போய் இறங்கியதும் என் கணக்கெல்லாம் கண்ணீராகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் அந்த டிராக்டரை ஓட்டியிருந்தால் நான் சொன்னதற்கு மதிப்பு இருந்திருக்கும். அலுவலகத்தில்தான் இப்படி என்றால், உங்களிடமிருந்தும் அதே பதில் வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, இடத்தைச் சொல்கிறேன், மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய முகாமின் கொடிக்கம்பங்களைத் தாண்டியதும் இடப்பக்கம் இரட்டைப் பாறை தெரியும். அது முதுகுக்குப் பின்னால் மறையும்போது பாதை வலப்பக்கம் மெதுவாக வளையும். வளைவு முடிகிற இடத்தில்தான் பட்டை ஆரம்பிக்கிறது. வண்டியில் உள்ள திரையில் இஸ்திரி போட்ட துணி மாதிரி சுருக்கமே இல்லாமல் தெரியும். அங்கே வண்டியை நிறுத்துங்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, கம்பியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். கூட வருபவர்கள் "என்ன, வீட்டு உத்தரவா?" என்று கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும்.

குழாயைப் பற்றிக் கவலை வேண்டாம். குத்திப் பார்க்காமல் மட்டும் ஓர் அடி நகராதீர்கள்.

இப்படிக்கு,
தரவு ஆய்வாளர்,
உங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

*

அன்புள்ள பனிக்கரடிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதற்கு முன்பே நிலையத்தின் அறிக்கை அலுவலகத்துக்கு வந்துவிட்டதால் அதைத்தான் முதலில் படித்தேன். வளைவு முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் குத்தியபோது கம்பி பிடிமானமே இல்லாமல் முழுவதும் இறங்கியது, மேல்பனியை வெட்டிப் பார்த்தால் அடியில் விளக்கு வெளிச்சம் எட்டாத பிளவு, டிராக்டர் ஏறியிருந்தால் ஆளோடு உள்ளே போயிருக்கும் என்று எழுதியிருந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். இதை மனைவியாகத்தான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. "ஓட்டுநர் வழக்கமான முன்னெச்சரிக்கையாகச் சோதித்தபோது" என்று இருக்கிறது. வழக்கமா? எந்த ஊர் வழக்கம்? வண்டியை விட்டு இறங்கினால் மூக்கு உறைந்துவிடும் என்று பாட்டுப் பாடியவர் நீங்கள்தானே? அப்புறம் உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அதில் காரணம் இருக்கிறது: "பொண்டாட்டி சொன்னான்னு எழுதினா நல்லாவா இருக்கும்? பசங்க ஓட்டியே கொன்னுடுவாங்க." பொண்டாட்டி சொன்னாள் என்று எழுதச் சொன்னது யார்? தரவு ஆய்வாளர் எச்சரித்தார் என்று எழுத உங்கள் கை ஏன் வரவில்லை?

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மேலாளர் கூட்டம் போட்டார். களத்தில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனையே போதும் என்று இதிலிருந்து தெரிகிறதாம். அந்த இடத்தை மட்டும் சிவப்பாக்கிவிட்டார்கள். சாம்பல் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. வெளியே வரும்போது என்னிடம், "இப்ப நிம்மதிதானேம்மா?" என்று அன்பாக வேறு கேட்டார். அளக்காத மற்றப் பட்டைகளெல்லாம் நல்ல நீலமாக அப்படியே கிடக்கின்றன. அடுத்த குழு கடலோர முகாமுக்கு அவற்றின் மேல்தான் போகப்போகிறது. அதில் முதல் டிராக்டரை ஓட்டுகிறவருக்கு எங்கள் அலுவலகத்தில் மனைவி இல்லை. அவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

அதனால் அந்தக் குழு கிளம்புவதற்கு முன் இன்னொரு அறிக்கை அனுப்புங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "நான் என் வழக்கப்படி நிறுத்தவில்லை, அந்த இடம் அளக்கப்படாதது என்று தரவு ஆய்வாளர் எழுதியிருந்ததால் நிறுத்தினேன், அவர் காட்டும் மற்ற இடங்களையும் சாம்பலால் மூட வேண்டும்" என்று எழுதி, ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் அதை மேலாளரால் லீவு போடச் சொல்லி அனுப்பிவிட முடியாது. கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள்தான். அடுப்புப் பக்கத்தில், எல்லோரும் முழுசாக உட்கார்ந்து சிரிக்கட்டுமே!

உங்கள் கடிதத்தை நான் படிப்பதைப் பார்த்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு, ஏன் இவ்வளவு கோபமா இருக்கே?" என்று கேட்டாள். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலைடி, அதான் கோபமா இருக்கேன்" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

வாளி நிரம்பும்போதெல்லாம் தூக்கி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டு, நல்லபடியாக வந்து சேருங்கள். திட்டுவதற்கு நிறைய மிச்சம் இருக்கிறது, அதற்கு ஆள் நேரில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி.
அறிக்கையில் மட்டும் தரவு ஆய்வாளர்.