உலக்கைக்கு எட்டு

செஞ்சி,
18-10-1987

அன்புள்ள அமிர்தவல்லி அக்காவுக்கு,

ஷரீஃபுன்னிசா எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. உங்கள் தங்கை மீனம்பாளுக்கு டைபாய்டு என்று உங்கள் நைனா மஸ்கட்டுக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையில்லை அக்கா. மீனம்பாள் வேலூர் ஜெயிலில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி இறந்து இன்றோடு பதினாறு நாள். அவள் கையால்தான் இறந்தார்.

ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, உங்கள் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்ததாக ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தீர்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாகப் பகடைகள், கூடவே ஒரு விதிப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஓர் ஆளாகி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லி உருட்டும் ஆட்டம். நீங்கள் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மீனம்பாளும் அவள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவும் ஆடுவார்கள், நான் கதை சொல்வேன். சுந்தரமூர்த்தி அந்த நேரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் டூட்டியில் இருப்பார். அவள் டைப் கற்கப் போவதாக அவர் நினைத்திருந்தார். அதையும் கற்றாள். லோயர் பாஸ் செய்தாள்.

புத்தகத்திலிருந்த பூதங்களை விட்டுவிட்டு நம் ராஜகிரிக் கோட்டையையே வைத்துக்கொண்டோம். வெளியே எதிரிப் படை, உள்ளே சனங்கள். அம்மாக்கண்ணு வாள் எடுத்துக்கொண்டாள். மீனம்பாள் சமைக்கிற பெண்ணாக இருக்கிறேன் என்றாள். “வாளெல்லாம் பழகினவங்களுக்குக்கா. எனக்கு அடுப்பங்கரையில இன்னா கெடைக்குதோ அது போதும்” என்றாள்.

ஓர் அடிக்கு எதிராளியின் பலம் எவ்வளவு குறையும் என்று புத்தகத்தில் வாளுக்கும் ஈட்டிக்கும் எண் இருந்தது, உலக்கைக்கு இல்லை. நானே யோசித்து ஒரு தாளில் டைப் அடித்தேன். கரண்டிக்கு நாலு முகப் பகடை. அருவாமனைக்கு ஆறு. உலக்கைக்கு எட்டு. மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் எதிராளிக்கு இரண்டு முறை ஆட்டம் கிடையாது. கொதிக்கிற கஞ்சியைத் துணியில்லாமல் தூக்கினால் தூக்கியவளுக்கே கை வெந்துபோகும். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

இந்த ஆடி மாதத்திலிருந்து அவள் கேள்விகள் மாறின. கதவுக்கும் எனக்கும் நடுவே அவன் நின்றால் என்ன செய்வது என்றாள். “ஒரு கையில தலமயிரப் புடிச்சிருந்தான்னா எனக்கு எதுவரைக்கும் கை எட்டும்?” என்று ஒருநாள் கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லை. அம்மாக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே சுவர் வீடு, அவளுக்குக் கேட்காமலா இருக்கும். மீனம்பாளின் கழுத்தோரம் கன்றியிருந்ததை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, “உருட்டும்மா” என்றேன். ஆட்டத்திலாவது மனம் விட்டுப் பேசட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்கப் பயந்தேன் அக்கா.

விழுப்புரத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு அவள் எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூ கார்டு சுந்தரமூர்த்தி கையில் கிடைத்துவிட்டது. இந்த மாதம் ஒன்றாம் தேதி சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர் கதவைத் தாழிட்டு, கிருஷ்ணாயில் டின்னை எடுத்து அவள் தலையில் ஊற்றினார். தீப்பெட்டிக்குத் திரும்பியபோது அவள் மிளகாய்த்தூளை வீசினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே பாய்ந்தவரை உலக்கையால் ஒரே ஓர் அடி. தலையில் பட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உயிர் போனது.

வெளியே ஓடிவந்தவளை அம்மாக்கண்ணுதான் பிடித்துக்கொண்டாள். எங்காவது பொறி பட்டுவிடுமே என்ற பயத்தில் அவள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வேறு புடவை கட்டிவிட்டு, அந்தக் கிருஷ்ணாயில் புடவையை சோப்பு போட்டு அலசிக் கொடியில் போட்டுவிட்டாள். போலீஸ் வந்தபோது அதில் சோப்பு வாசனைதான் இருந்தது. நல்லதை நினைத்துத்தான் செய்தாள். இன்றுவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மீனம்பாளின் பெட்டியில் நான் டைப் அடித்த தாள் கிடைத்தது. எதால் அடித்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்துக் கொன்றிருக்கிறாள் என்கிறார் சுந்தரமூர்த்தியின் அண்ணன். நானே ஸ்டேஷனுக்குப் போய்ப் பகடைகளை மேஜைமேல் வைத்து, இது ஆட்டம், தாளை அடித்தது நான் என்றேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். “நீங்க சொல்றத நான் நம்புறேம்மா. ஜட்ஜ் நம்பணுமே. உலக்க அடிக்கு நம்பர் போட்டு வச்சிருந்தா யாரு வெளையாட்டும்பாங்க” என்றார்.

போன செவ்வாய்க்கிழமை வேலூர் போய் அவளைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “உலக்கைக்கு எட்டுதானக்கா போட்டோம். மூணு நாலு அடி அடிச்சாத்தான வுழுவாங்க. கொஞ்சம் தள்ளாடினா வெளிய ஓடிடலாம்னுதான் அடிச்சேன்.”

அந்த எட்டைப் போட்டது நான். எதையும் பார்த்துப் போடவில்லை, வாய்க்கு வந்ததைப் போட்டேன்.

நைனா இன்னும் அவளைப் பார்க்கப் போகவில்லை. வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீல் பச்சமுத்துவை வைத்திருக்கிறோம். அடி உதை முன்பிருந்தே இருந்தது என்று எழுத்தில் காட்டினால், அவள் உயிருக்குப் பயந்து அடித்தாள் என்பது நிற்கும் என்கிறார். அந்த எழுத்து உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆடியிலிருந்து உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினாளாம். முதுகில் சூடு வைத்ததைக்கூட எழுதினாளாம். மூன்றுக்கும் சேர்த்து நீங்கள் போட்ட ஒரே பதிலில், அனுசரித்துப் போ, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இருந்ததாம். நான் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீங்கள் அப்படி எழுதினீர்கள், நான் உருட்டச் சொன்னேன். நம் இருவரிடமும்தான் அவள் சொன்னாள்.

கடிதங்களைக் கோர்ட்டில் படித்தால் உங்கள் பதிலைப் பற்றியும் கேட்பார்கள். நாலு பேருக்கு முன் தலைகுனிய வேண்டிவரும். என் தலையும் கூடவே குனிந்திருக்கும், தனியாக நிற்க விடமாட்டேன். அந்த மூன்றையும் உறையோடு, தபால் முத்திரை அழியாமல் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு வாருங்கள். அவள் எழுதியதை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மறுபடி அவளைப் பார்க்கப் போகிறேன். உங்களைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை அக்கா. ஐந்தாம் தேதிக்கு முன் ஒரு தந்தி கொடுத்தால், அக்கா வருகிறாள் என்று நானாகவே சொல்லிவிடுவேன்.

ஆண்டவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு ஓர் அக்காவாக இருந்திருக்க வேண்டிய
ஷரீஃபுன்னிசா