காலி நாற்காலி கேட்ட கேள்வி

ஜனவரி 8, திங்கள்

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் இன்று முதல் வகுப்பு. பத்தாவது படிக்கும் பெண். அரையாண்டுத் தேர்வில் கணக்கு முப்பத்தொன்று, அறிவியல் இருபத்தெட்டு. வாயே திறப்பதில்லை. பெற்ற அப்பாவே ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுகிறார். புத்தகம் முழுக்கப் பச்சை மையில் அடிக்கோடு. எல்லா வரிக்கும் கோடு போட்டால் எதற்குப் போட்டதாக அர்த்தம்?

புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னேன். நான்கு வரி. பரவாயில்லை, அந்த நான்கும் அவளுடையவை.

ஜனவரி 12, வெள்ளி

திங்களன்று படித்ததையே மறுபடி கேட்டேன். ஒன்பது வரி.

அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள். எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, இதற்கு ஒன்றும் தெரியாது, நீ சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டு வெளி அறைக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது. அவள் அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஜனவரி 23, செவ்வாய்

மின்சுற்றுப் பாடம் முழுவதையும் நாற்காலிக்குச் சொல்லி முடித்தாள். நடுநடுவே நிறுத்தித் தலையைச் சாய்க்கிறாள், பிறகு பதில் சொல்கிறாள். தனக்குத் தானே கேள்வி கேட்டுக்கொள்கிறாள் போல. நல்ல உத்திதான். நான் சொல்லித்தரவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

"மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ்னு கேக்குறீங்களா? பின்பக்கமா திரும்பி நின்னுக்கிட்டுப் பின்னாடியே நடந்தா எங்க போவீங்க? முன்னாடிதானே?"

யார் இதைக் கேட்டது என்றேன். சிரிக்காமல் சொன்னாள்: "அந்த அக்காதான் மிஸ். எல்லாத்துக்கும் ஏன், ஏன்னு கேப்பாங்க."

பதினோரு வருடத்துக்கு முன் அப்படி ஒருத்தி என்னிடம் படித்தாள். கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். இதே கேள்விக்கு, "பரீட்சைக்கு வராது, விடு" என்று அவள் வாயை அடைத்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விதானே அது.

பிப்ரவரி 9, வெள்ளி

நாற்காலியை எடுத்துவிட்டு, என்னிடமே சொல் என்றேன். திக்கித் திணறினாள். பதினைந்து கேள்வி கேட்டேன், ஆறுதான் சரி. நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, ஏன் மாற்றினீர்கள் என்று அவள் அம்மா கேட்டார். என் பயத்துக்கு இந்தப் பெண்ணின் வருடத்தைப் பாழாக்கவா?

திரும்ப நாற்காலியைப் போட்டேன்.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்க மிஸ். அவங்களுக்கு முட்டி இடிக்குது."

பிப்ரவரி 20, செவ்வாய்

மாதிரித் தேர்வில் கணக்கு எழுபத்திரண்டு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"அக்கா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அன்னைக்குக் காலைல நான் வந்தேனே, வரலன்னு ஏன் சொன்னீங்கன்னு. எந்தப் பாடம் மிஸ் இது?"

பாடம் இல்லை என்றேன். படி இறங்கியது நினைவில்லை.

எழுதிவிடுகிறேன். கேள்விக்குறி வந்தாள். கணக்குப் பரீட்சை அன்று ஏழரை மணிக்கு, என் வாசலுக்கு. எல்லாம் மறந்துபோச்சு மிஸ் என்று அழுதாள். உள்ளே வேறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். "அழுதா மார்க் வருமா? போ, போய் எழுது." கதவைச் சாத்தினேன். தேர்வு அறைக்கு அவள் போகவே இல்லை. எங்கேயும் போய்ச் சேரவில்லை, இன்றுவரை கிடைக்கவும் இல்லை. போலீஸ் கேட்டபோதும் அவள் அம்மா கேட்டபோதும், என்னிடம் வரவில்லை என்றேன் — எனக்குப் பெயர் கெட்டுவிடும் என்று. அவள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைதான் தேடினார்கள். என் தெரு எதிர்த்திசை. அந்தப் பக்கம் யாரும் தேடவே இல்லை. பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஊமைக்கோட்டானுக்குக் கணக்குப் பரீட்சை. காலையில் அவள் கூடவே போனேன். மறந்ததுபோல் இருந்தால் பேனாவைக் கீழே வை, மூச்சு விடு, தெரிந்த ஒரு கணக்கை முதலில் போடு என்றேன். மூன்று மணி நேரம் வாசலிலேயே நின்றேன். எல்லாம் எழுதிவிட்டாளாம்.

மார்ச் 13, புதன்

கேள்விக்குறியின் அம்மா வேறு ஊருக்கு வீடு மாறியிருந்தார். இரண்டு மணி நேரப் பேருந்து. தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்து, உள்ளே கூப்பிட்டார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவுமில்லை. மேசைவிரிப்பின் ஓரத்தை நெடுநேரம் நீவிக்கொண்டே இருந்தார்.

"உங்க வாசல்லேருந்து எந்தப் பக்கம் திரும்பினா?"

தெரியவில்லை. கதவைச் சாத்தியிருந்தேன். அதையும் சொன்னேன்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க. உங்க தெருவக் காட்டுங்க."

அடுத்த பேருந்திலேயே இருவரும் கிளம்பினோம்.