பின் பித்தான்

சென்னை, ஜார்ஜ் டவுன்
12-6-1949

சௌபாக்கியவதி சொர்ணவல்லிக்கு, உன் அத்தான் ரெங்கராஜ் எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் ஆத்தாவின் சுகமும் தெரிய ஆவல்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். வெள்ளைக்காரத் துணிக் கம்பெனி. சமஸ்தானம் போனதோடு ரெங்கராஜின் நாற்காலியும் போயிற்று என்று புதுக்கோட்டையில் சிரித்தவர்களிடம் சொல், இங்கே எனக்குச் சுழலும் நாற்காலி. துரை முதல் நாளே என் கழுத்தைத்தான் பார்த்தார். மற்ற குமாஸ்தாக்கள் சட்டையோடு தைத்த தொளதொளத்த காலரோடு வருகிறார்கள். தனிக் காலர் பூட்டி, கழுத்து நிமிர்ந்து வந்தவன் நான் ஒருவன்தான். தர்பார் ஆபீசில் பழகியது வீண்போகவில்லை.

இந்த ஊர்ச் சலவைதான் சரியில்லை. காலரைக் கல்லில் அடித்து ஓரத்தைப் பிய்த்துவிடுகிறார்கள். அதனால் அழுக்குக் காலர்களைத் தகரப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்புகிறேன். வழக்கம்போலச் செய்து திருப்பி அனுப்பு. இஸ்திரி போட்டதும் சூடு ஆறுமுன் செம்பைச் சுற்றி வளைத்துவிடு. மடித்துவிடாதே.

பிடரியில் காலரின் பின் பித்தானைப் போடத்தான் ஆள் இல்லை. அறையில் கூட இருக்கும் மரியசெல்வம் கோட்டைப்பட்டினத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் விரல்கள் துடுப்பு மாதிரி. அதனால் முதலிலேயே காலரைச் சட்டையில் பூட்டிவிட்டுப் பிறகு தலையை நுழைத்துக்கொள்கிறேன். வீடு கிடைத்ததும் உன்னை அழைத்துக்கொள்வேன்.

உன் அத்தான்,
ரெங்கராஜ்


புதுக்கோட்டை
20-6-1949

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு, சொர்ணவல்லி வணங்கி எழுதியது. நானும் அத்தையும் சுகம்.

பெட்டி வந்தது. அத்தை திறந்து பார்த்துவிட்டு, "கழுத்துல போடுறதுக்கு ஒரு தபால் செலவா? இவன் என்ன கலெக்டரா?" என்றார்கள். பிறகு அவர்களே வடிகஞ்சியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். பட்டணத்து ஆட்கள் முன்னால் பளபளப்பாக இருக்கட்டும் என்று இந்த முறை கஞ்சியில் துளி மெழுகும் சேர்த்திருக்கிறேன். அந்தப் பளபளப்பிலேயே கன்னத்தைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

பின் பித்தானைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் காலையில் அந்த நேரம் வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் கண்ணாடி முன்னால் நிற்பீர்கள். நான் பிடரியில் பித்தானைப் போட்டு, இறுக்கமா என்று பார்க்கக் காலருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று வருவேன். கூசுகிறது என்று தினமும் திட்டுவீர்கள். இப்போது திட்டவும் ஆள் இல்லை. சீக்கிரம் வீடு பாருங்கள்.

இப்படிக்கு,
சொர்ணவல்லி


சென்னை
4-9-1949

சொர்ணத்துக்கு,

காலர்கள் வந்தன. பளபளப்பில் குறை இல்லை. ஆனால் இடது பக்கம் தாடைக்குக் கீழே ஓரம் உராய்ந்து தடித்திருக்கிறது. கஞ்சியைக் கொஞ்சம் குறைத்துப் போடு. கம்பவுண்டர் ஒரு களிம்பு கொடுத்தார். காலர் போடுகிறவர்களுக்கு இது சகஜம் என்கிறார். மரியசெல்வம் என்னை வண்டிமாடு என்று கேலி செய்கிறார்.

வீட்டு விஷயம், வேலை நிரந்தரமாகட்டும் என்று பார்க்கிறேன்.

ரெங்கராஜ்


புதுக்கோட்டை
11-9-1949

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

தடித்திருக்கிறது என்று படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் என் கைவரிசை. உங்களைத் துரை மாதிரி ஆக்கப் பார்த்து மாடு மாதிரி ஆக்கிவிட்டேன். கஞ்சியைப் பாதியாகக் குறைத்து, ஓரத்தைக் கிளிஞ்சலால் தேய்த்து மழுக்கியிருக்கிறேன். இரண்டு நாள் காலர் இல்லாமல் போனால் துரை வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்?

சொர்ணவல்லி


சென்னை
18-12-1949

சொர்ணத்துக்கு,

காலர் இல்லாமல் போகச் சொல்லாதே. அது இல்லாவிட்டால் இந்த ஊரில் என்னைத் திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

வீட்டு மரப்பெட்டிக்குள் தர்பார் நாளில் போட்ட உயரமான காலர்கள் இருக்குமே, அவற்றை அனுப்பு. கழுத்தை நன்றாக மூடுபவை அவைதான், அளவும் கொஞ்சம் பெரிது. இப்போது போடுகிற அளவு இறுக்குகிறது. மற்றவற்றை ஓர் அளவு பெரியதாக இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். பட்டணத்துச் சாப்பாடு கழுத்தில் போய்ச் சேருகிறது போலிருக்கிறது.

ரெங்கராஜ்


புதுக்கோட்டை
3-1-1950

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

கழுத்துப் பெருத்துவிட்டது என்று நான் படித்துச் சொன்னதும் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "எம்புள்ளைக்குச் சதை போட்டிருச்சு. இங்கிட்டு இருந்தப்ப எலும்பாத் திரிஞ்சான்" என்று தெருவெல்லாம் சொல்லி வருகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். என் சமையலில் வராத சதை அங்கே வந்திருக்கிறதே என்று கொஞ்சம் பொறாமையும் உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய காலர்களில் உள்பக்கம், அதே இடது பக்கத்தில், பழுப்பாகக் கறை. வெந்நீரில் போட்டும் போகவில்லை. அந்தத் தடிப்பு இன்னும் ஆறவில்லையா? மெழுகு சேர்த்த நாளிலிருந்துதான் உங்களுக்கு இந்தப் பாடு என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. பட்டணத்துச் சூட்டில் மெழுகு உருகி உள்ளே இறங்கியிருக்கும். இனி மெழுகே கிடையாது.

வீடு கிடைக்காவிட்டால் போகட்டும். மரியசெல்வம் அண்ணன் வேறு இடம் பார்த்துக்கொண்டால் அந்த அறையே போதும். நான் வருகிறேன் அத்தான்.

சொர்ணவல்லி


சென்னை
6-2-1950

சொர்ணத்துக்கு,

ஆம், மெழுகாகத்தான் இருக்கும். நீ கவலைப்படாதே. இப்போது வரவேண்டாம். ஆபீசில் வேலை அதிகம், நின்று பேசக்கூட நேரம் இல்லை. காலர்களை அனுப்பியிருக்கிறேன். அவசரம் இல்லை, மெதுவாகச் செய்து அனுப்பு.

ரெங்கராஜ்


சென்னை
9-3-1950

என் சொர்ணத்துக்கு,

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். இனி கிழிக்க நாள் இல்லை.

பொங்கல் கழிந்ததிலிருந்து நான் ஆபீஸ் போகவில்லை. உயரமான காலருக்கு மேலும் வீக்கம் தெரிந்துவிட்டது. துரை கண்ணியமாகத்தான் சொன்னார், குணமாகி வா என்று. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை காலமாக இருக்கிறது என்று கேட்டார். காலர் உராய்ந்த தடிப்பு என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நம்பிக்கை இருந்திருக்கும். இது புற்று, உள்ளே தொண்டை வரை போய்விட்டது, கத்தி வைக்க இடம் இல்லை என்றார். ஆரம்பத்தில் வந்திருந்தால் பார்த்திருக்கலாமாம்.

உன் கஞ்சி செய்த வேலை இல்லை. மெழுகும் இல்லை. அதை நீ மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துண்டுத் துணியைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டோம். நீ இங்கே இருந்து, தினமும் பின் பித்தானைப் போட்டு, உன் விரல் ஒரு சுற்று வந்திருந்தால் முதல் மாதமே உனக்குத் தெரிந்திருக்கும். வீடு வீடு என்று தள்ளிப்போட்டது நான்.

போன மாதம் அனுப்பிய காலர்கள் நான் போட்டவை அல்ல. உனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று ஜன்னல் தூசியில் தேய்த்து அனுப்பினேன். நீ அவற்றைத் துவைத்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கும்போதுதான் சொர்ணம், எனக்கு அழுகை வருகிறது.

குரல் போய்விட்டது. மரியசெல்வம்தான் எனக்காகப் பேசுகிறார். எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. ஆத்தாவிடம் எதுவும் சொல்லாமல் உடனே புறப்பட்டு வா. தந்தி கொடுத்தால் ஸ்டேஷனுக்கு மரியசெல்வம் வருவார், என்னால் வர முடியாது. காலர் எதையும் கொண்டுவராதே.

ரெங்கராஜ்


புதுக்கோட்டை
9-3-1950

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அதற்கு முன்னால் எனக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. நீங்கள் கடைசியாக அனுப்பிய பெட்டியை அத்தையின் காய்ச்சலால் இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தேன். நேற்றுத்தான் திறந்தேன். காலர்களில் வெளிப்பக்கம் அப்படி ஓர் அழுக்கு. உள்பக்கம் ஒரு கறை கூட இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. புண் ஆறிவிட்டதை எனக்கு ஏன் எழுதவில்லை? எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மெழுகு. அத்தையிடம் காட்டினேன். "இனிமே நீயே அங்கிட்டுப் போயிப் போட்டுவிடு. ஒங்க ரெண்டு பேருக்கும் தபால்காரன் எதுக்கு?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குத் துணையாக ராக்காயி சித்தி வந்து இருப்பார்கள்.

ஞாயிறு காலை எழும்பூரில் இறங்குகிறேன். வரவேண்டாம் என்று எழுத உங்களுக்கு நேரம் வைக்கவில்லை. கஞ்சியே போடாமல் மல் துணியில் மெத்தென்று புதுக் காலர்கள் தைத்து எடுத்துவருகிறேன். துரைக்குப் பிடிக்காவிட்டால் என்னிடம் அனுப்புங்கள். பின் பித்தானை இனி நான்தான் போடுவேன். கூசுகிறது என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

ஸ்டேஷனுக்கு மட்டும் காலர் போடாமல் வாருங்கள். உங்கள் கழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சொர்ணவல்லி